மனச்சோர்வா மனவடுவா? உமிழ்நீரில் கோர்டிசோல் தேடும் முறை

மனச்சோர்வு, மனவடு (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், PTSD) என்ற இரண்டு நோயையும் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கானோ இன்றுவரை இல்லை. நேர்காணலில்தான் முடிவு செய்கிறோம். உடல் அழுத்தத்தின்போது சுரக்கும் ஹோர்மோனான கோர்டிசோல், மனச்சோர்வில் கூடியும் மனவடுவில் குறைந்தும் இருப்பதாகப் பல ஆய்வுகள் கண்டன. அப்படிக் காணாத ஆய்வுகளும் உண்டு. வன்னியில் இதைத் தேடப் புறப்படுபவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

நோயாளிகளைச் சுகதேகிகளோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். கிளினிக்கில் எழும் கேள்வி நோய் உண்டா என்பதல்ல, எந்த நோய் என்பதே. மனச்சோர்வு மட்டும், மனவடு மட்டும், இரண்டும் சேர்ந்தது என மூன்று குழு தேவை. மனவடு உள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மனச்சோர்வும் இருக்கும். சிக்கல் என்று அவர்களை விலக்கினால் மிஞ்சுவது கிளினிக்கில் காணாத நோயாளிகள்தான். தைரொயிட் பரிசோதனையை முதலிலேயே முடியுங்கள். பிரட்னிசலோன், ஸ்டீரொயிட் பம்ப், கருத்தடை மாத்திரை எல்லாம் அளவைக் குழப்பும். மாரியில் எலிக்காய்ச்சலும் டெங்கும் வரும். காய்ச்சல்காரரை இரண்டு கிழமை பிந்திப் பாருங்கள்.

விழித்து 30 முதல் 45 நிமிடத்தில் கோர்டிசோல் உச்சத்துக்கு ஏறும். ஆகவே உமிழ்நீர் மாதிரி மூன்று தேவை: கண் திறந்தவுடன் பாயில் இருந்தபடியே ஒன்று, 30ஆம் நிமிடத்தில் ஒன்று, 45ஆம் நிமிடத்தில் ஒன்று. இப்படி இரண்டு நாள். முதல் குப்பி கால் மணித்தியாலம் பிந்தினாலே ஏற்றம் தட்டையாகி, மனவடு போலத் தோன்றும். கூடப் பிழைப்பது இங்கேதான். எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையை எழுப்பிய பிறகு துப்பிவிட்டு, "எழும்பினவுடனே" என்று எழுதித் தருவார்கள். விழித்ததும் உங்கள் ஃபோனுக்கு ஒரு மிஸ்ட் கோல் போடச் சொல்லுங்கள். நேரம் தானாகப் பதிவாகும். முல்லைத்தீவில் இரவுக் கடலுக்குப் போகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். அரிவி வெட்டு நாட்களைத் தவிருங்கள்.

மூன்றும் முடியும்வரை பல் துலக்கல், தேத்தண்ணீர், வெற்றிலை, பீடி ஒன்றும் வேண்டாம். முரசில் இரத்தம் கசிந்தாலும் அளவு கெடும். சிவந்த மாதிரியை எறிந்துவிடுங்கள். வாயில் ஊறவிட்டு 1 மில்லிலீற்றர் குப்பிக்குள் வழியவிட்டால் போதும். ஐஸ் பை வைத்த ரெஜிபோம் பெட்டியில் துணுக்காயிலிருந்து கிளிநொச்சிக்கு அன்றே கொண்டுவந்து, -20 பாகை செல்சியசில் உறைய வையுங்கள். மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்த குப்பிகளுக்குக் குறியிடுங்கள்.

உறைந்ததை உருக்கிச் சுழற்றினால் சளி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை எடுத்து ஒவ்வொன்றையும் இருமுறை அளவிடுங்கள். பல மாதிரிகளை ஒன்றாக அளக்கும் பரிசோதனைத் தட்டு ஒவ்வொன்றிலும் மூன்று குழுவும் கலந்திருக்க வேண்டும், இல்லையேல் தட்டுக்குத் தட்டு உள்ள வேறுபாடு நோயின் வேறுபாடாகத் தெரியும். எது யாருடையது என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது.

முடிவு வந்ததும் ஒரு கணக்கு. மனவடு உள்ளவர்களில் 80 வீதத்தைப் பிடித்து, இல்லாதவர்களில் 80 வீதத்தைச் சரியாக விலக்கும் குறிகாட்டி ஒன்று கிடைத்ததாக வையுங்கள். 100 பேரில் 20 பேருக்கு மனவடு என்றால், 16 பேரைச் சரியாகப் பிடிக்கும், வேறு 16 பேரைப் பிழையாகவும் பிடிக்கும். இந்த நிலையில் அளவை எவருடைய கிளினிக் கொப்பியிலும் எழுத வேண்டாம்.