போன் போட்டோக்களையும் ஃபைல்களையும் பேக்கப் எடுப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

போனில் இடம் நிரம்பிவிட்டது என்று வரும்போதுதான் பலருக்கும் பேக்கப் ஞாபகம் வருகிறது. உடனே எல்லா போட்டோவையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு போனில் இருப்பதை அழித்துவிடுகிறார்கள். அது பேக்கப் இல்லை. நேற்று வரை போனில் ஒரே ஒரு காப்பி இருந்தது, இன்று டிஸ்க்கில் ஒரே ஒரு காப்பி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த டிஸ்க் மேஜையிலிருந்து கீழே விழுந்தால் பிள்ளையின் முதல் பிறந்தநாளும் அப்பாவோடு கடைசியாக எடுத்த படங்களும் சேர்ந்தே போய்விடும். ஒரே ஃபைல் குறைந்தது இரண்டு இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பேக்கப் என்று பெயர்.

இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மொத்தம் 3 காப்பி, 2 வகையான சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. அந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளில் கம்ப்யூட்டரும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த சி.டி.க்களும் ஆல்பங்களும் ஒன்றாகத்தான் நனைந்தன. அரசாங்கங்களும் இதில் தப்பவில்லை: 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசு தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் 858 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது சுமார் ஆயிரம் ஜிபி) தகவலோடு அழிந்தது. வெளியே காப்பி இல்லை.

சரி, ஆரம்பிக்கலாம்.

படி 1: எது போனால் திரும்ப வராது?

சினிமா, பாட்டு, ஆப் எல்லாம் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், அவற்றை விடுங்கள். குடும்பப் படங்கள், வீடியோக்கள், பத்திரம், சான்றிதழ் ஸ்கேன்கள், நீங்கள் எழுதியவை, தொடர்பு எண்கள், இவைதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அனுப்பிய படங்களையும் மறக்காதீர்கள், தாத்தா பாட்டியின் பழைய படங்கள் பல வீடுகளில் அங்கேதான் கிடக்கின்றன.

படி 2: முதல் காப்பி, இணையத்தில்

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் பேக்கப்பை ஆன் செய்யுங்கள். சாதாரணமாக கேமரா ஃபோல்டர் மட்டும்தான் இணையத்துக்குப் போகும். வாட்ஸ்அப் படங்களும் போக வேண்டுமென்றால், அதே இடத்தில் போனில் உள்ள மற்ற ஃபோல்டர்களின் பட்டியல் இருக்கும், அதில் போய் நீங்களே அதை ஆன் செய்ய வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. நிரம்பினால் பேக்கப் நிற்பதோடு மெயில் வருவதும் நின்றுவிடும், அதனால் அவ்வப்போது பாருங்கள். ஐபோனில் ஐகிளவுட், அங்கே இலவசம் 5 ஜிபி மட்டுமே.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை டெலீட் செய்தால் போன், இணையம் இரண்டிலிருந்தும் போய்விடும். போனில் இடம் மட்டும் வேண்டுமென்றால் அதற்கென்று தனி வசதி அந்த ஆப்பிலேயே இருக்கிறது, இணையத்தில் போய்ச் சேர்ந்த படங்களை மட்டும் போனிலிருந்து நீக்கும். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் படி 3 முடிந்த பிறகு.

படி 3: இரண்டாவது காப்பி, ஹார்ட் டிஸ்க்கில்

ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் சாதாரண குடும்பத்துக்குப் பல வருடங்களுக்குப் போதும். பென் டிரைவ் ஃபைலை எடுத்துச் செல்லத்தான், வருடக்கணக்கில் பத்திரப்படுத்த அதை நம்ப வேண்டாம்.

போனை கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் திரையில் வரும் அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள் (வெறும் சார்ஜிங்கில் இருந்தால் லேப்டாப்பில் ஒன்றுமே தெரியாது). டிசிஐஎம் (DCIM) என்ற ஃபோல்டருக்குள் கேமரா படங்கள் இருக்கும். அதை முதலில் லேப்டாப்புக்கும், அங்கிருந்து டிஸ்க்குக்கும் காப்பி செய்யுங்கள். கட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்: பாதியில் கேபிள் கழன்றால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். முடிந்ததும் லேப்டாப், டிஸ்க் இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஃபோல்டருக்கு வருடம், மாதம் என்று பெயர் வையுங்கள், 2025-03 என்பது போல. வரிசை தானாக நிற்கும்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை போன்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்), கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களையும் சேர்த்தே பூட்டும். கழற்றி வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது.

படி 4: கணக்குக்குள் போகும் வழி

போன் தொலைந்தால் ஓடிபியும் அதோடு போய்விடும். எல்லாப் படமும் இணையத்தில் பத்திரமாக இருக்கும், உங்களால்தான் உள்ளே போக முடியாது. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்குள் பேக்கப் கோட்ஸ் (Backup codes) கிடைக்கும், ஓடிபி இல்லாதபோது உள்ளே போக உதவும் எண்கள் இவை. அவற்றைப் பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

படி 5: திறந்து பாருங்கள்

இதைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுக்க மாட்டேன். டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பழைய ஃபோல்டர் ஒன்றிலிருந்து நாலைந்து படங்களையும் ஒரு நீள வீடியோவையும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். மாதம் ஒருமுறை புதியதைச் சேர்க்கும்போதே இதையும் முடித்துவிடலாம்.

ஏற்கெனவே ஏதாவது அழிந்துபோயிருந்தால், முதலில் கூகுள் போட்டோஸின் டிராஷைப் பாருங்கள், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் அங்கே இருக்கும். மெமரி கார்டிலிருந்து போயிருந்தால் கார்டை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். பழைய ஃபைல் இருந்த இடத்தில் புதியது எழுதப்படாத வரைக்கும்தான் ரெக்கவரி சாஃப்ட்வேரால் அதை மீட்க வாய்ப்பு உண்டு.