வரைபடம் முடிந்த பிறகு கருத்துக் கேட்காதீர்கள்

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பொதுக் குழாய்க்கு மேடை கட்டும் வேலையில் இருந்தேன். கட்டுவதற்கு முன் ஊர்க் கூட்டம் கூட்டினோம். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எழுதிக்கொண்டோம். மேடை எழும்பிய பிறகுதான் தெரிந்தது, குடம் வைக்கும் இடம் முழங்காலுக்கும் கீழே இருந்தது. நிறைகுடத்தைக் குனிந்து தூக்கி இடுப்பில் ஏற்ற வேண்டும். வயதான பெண்கள் ஒவ்வொரு குடத்துக்கும் பக்கத்தில் நிற்பவரை, "ஒரு கை பிடிம்மா" என்று கூப்பிட்டார்கள்.

பயன்படுத்தப்போகிறவர்களும் சேர்ந்து வடிவமைப்பதைத்தான் பங்கேற்பு வடிவமைப்பு என்கிறார்கள். அந்தக் கூட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது. எல்லாம் முடிவான பிறகு கேட்ட கேள்விக்கு அந்த ஊர் மௌனத்தைப் பதிலாகத் தந்தது, அவ்வளவுதான். பொதுமக்கள் பங்கேற்பை அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். வெறும் கருத்துக் கேட்பு அதில் நான்காம் படி. முடிவெடுப்பதில் பங்கு கிடைப்பது ஆறாம் படியில்தான். பங்கேற்பு வடிவமைப்பின் வேரே அதிகாரப் பகிர்வில் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கணினி அறிஞர் கிறிஸ்டன் நைகார்ட் வேலை செய்தார். ஆலைக்குள் வரும் கணினியைப் பற்றி அதோடு வேலை செய்யப்போகிறவர்களும் முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஆகவே இடம், உயரம், செலவு மூன்றும் மாற்றத்துக்கு இடம் தரும்போதே மக்களிடம் போக வேண்டும்.

காகித வரைபடத்தைக் காட்டுவதும் தவறுதான். 'மேடை உயரம் 450 மி.மீ.' என்ற எழுத்து பொறியாளருக்கு மட்டுமே பேசும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோப்பியா என்ற ஆய்வுத் திட்டத்தில், கணினியில் பத்திரிகைப் பக்கம் அமைக்கும் கருவிகளை அச்சுத் தொழிலாளர்களோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். கருவி வருமுன்பே அட்டைப்பெட்டியில் மாதிரி செய்து, அதில் வேலை செய்து பார்த்தார்கள். எங்களுக்கு அட்டைகூடத் தேவைப்படவில்லை. அடுத்த ஊரில் காரை பூசாமல் செங்கல்லை அடுக்கி, நிறைகுடத்தை வைத்து, "தூக்கிப் பாருங்கள்" என்றோம். கூட்டத்தில் பேசாத பெண்கள் அங்கே செங்கல்லை எடுத்தும் வைத்தும் தாங்களே உயரத்தை மாற்றினார்கள். இடுப்பில் ஏற்ற ஒன்று, பிள்ளைகள் பிடிக்கத் தாழ்வாக ஒன்று என ஒரே மேடைக்கு இரண்டு உயரம் வந்தது. எந்த வரைபடமும் எங்களுக்குச் சொல்லாதது இது.

யார் வரவில்லை என்று பார்க்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் பெண்கள் நூறு நாள் வேலையிலோ காட்டிலோ இருப்பார்கள். ஆண்களில் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனி மக்கள் உள்ளே வரத் தயங்கும் ஊர்கள் இன்றும் உண்டு. காலனிக்குத் தனியாகப் போய் உட்காராமல் எடுத்த முடிவை ஊர் முடிவு என்று எழுதுவது அநியாயம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அலுவலகத் தமிழில் கேட்டால் தலையசைப்புத்தான் கிடைக்கும். தொட்டி இயக்குபவரையும் மறக்காதீர்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மக்கள் கேட்டதை அப்படியே கட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகளின் பல்லில் கறையாகவும் பெரியவர்களின் எலும்பில் வலியாகவும் பிறகுதான் தெரியும். "வீட்டருகே ஆழ்குழாய்க் கிணறு போதும்" என்று ஊர் கேட்டால், ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் அந்தக் கிணற்று நீரின் பரிசோதனை முடிவையும் எல்லோர் முன்னாலும் வைத்துப் பேச வேண்டும். தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்வது நிபுணரின் பங்கு. தண்ணீர் எடுக்கும் நேரம், தூரம், சுமை இவற்றின் உண்மை மக்களிடம் இருக்கிறது. குடிக்க ஒரு குழாய், புழங்க ஒன்று என்பது போன்ற வழி, இரண்டு பக்கமும் பேசினால்தான் பிறக்கும்.

கடைசியாக ஒன்று. கருத்தைக் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அதே மக்களிடம் போய்ச் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் முடிவைப் படித்துக்காட்டித் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். அதிகாரி மாறினாலும், ஒப்பந்ததாரர் உயரத்தைக் குறைத்தாலும், அந்தப் பக்கத்தைக் காட்டி ஊர் கேள்வி கேட்க முடியும்.