தோட்டத்துக்குள் வேட்டைக்காரர் வந்தால்: நிலத்துக்காரர் செய்யக்கூடாத தவறுகள்

வாழைக்குள்ளோ உளுந்து அறுத்த காட்டுக்குள்ளோ ராத்திரி நேரம் நெற்றி லைட் அசைந்தால், நம்ம பக்கத்தில் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான். நாலு பேரைக் கூட்டு, அரிவாளை எடு, போய் மடக்கு. திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு மலையடிவாரமானாலும் ராதாபுரம் செம்மணல் தேரிக்காடானாலும் பெரும்பாலான தவறுகள் இந்த யோசனையில்தான் ஆரம்பிக்கின்றன.

இருட்டில் பதுங்கிப் போவது

வேட்டைக்கு வருகிறவர் ஆளைக் குறிபார்த்துச் சுடுவார் என்பதல்ல பயம். சத்தத்தைப் பார்த்துச் சுடுவார் என்பதுதான். வாழைச் சருகு சலசலத்தால் அவருக்கு அது பன்றி. நாட்டுத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போடுவது குறைவு. ஈய ரவைகளோ இரும்புத் துண்டுகளோ போட்டுக் கெட்டித்திருப்பார்கள். அது விரிந்துகொண்டே வரும், பக்கத்தில் நிற்பவரையும் விடாது. ஆகவே லைட்டை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நெருங்குவதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை.

மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளி லைட்டைப் போடுங்கள். குரல் கொடுங்கள். ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல், “அண்ணாச்சி, ரெண்டு முயலு புடிச்சிட்டுப் போயிருதோம்” என்று பதில் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். “வேண்டாம் தம்பி, ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு, கெளம்புங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துரத்தவும் கூடாது. நம் நிலங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஓடுகிற ஆள் விழுந்தாலும் துரத்துகிற நீங்கள் விழுந்தாலும், விடிந்த பிறகு வேட்டையைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. வழக்கு கிணற்றைப் பற்றியதாகிவிடும்.

பிடித்துக் கட்டிவைப்பதும் அப்படித்தான். ஜாமீனில் வர முடியாத, காவல்துறை வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவர் உங்கள் கண்முன்னே செய்தால் மட்டும், தனிநபராகிய நீங்கள் அவரைப் பிடிக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு. பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸ் கையில் ஒப்படைக்க வேண்டும். வெறும் அத்துமீறல் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதற்காக ஆளைப் பிடித்துவைத்தால், சட்டவிரோதமாக அடைத்துவைத்தீர்கள் என்று உங்கள் மேல் புகார் திரும்பும். இரண்டு அடி போட்டிருந்தால் அது தனி வழக்கு. பைக் சாவியைப் பிடுங்குவது, டயரில் குத்துவது, நாயை அடித்துக் கொல்வது எல்லாமே எதிர்த் தரப்பு வக்கீலுக்கு நீங்கள் சும்மா கொடுக்கிற பொருள்.

அதற்குப் பதில் பாதை முனைக்குப் போங்கள். வண்டி எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்? நம்பர், எத்தனை வண்டி, எந்தப் பக்கமாகக் கிளம்பியது என்று மூன்றையும் குறித்துக்கொண்டால், ஆளைப் பிடிப்பது போலீஸ் வேலை. 112-க்கு அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே துப்பாக்கி உண்டா, வெடிச் சத்தம் கேட்டதா என்பதைச் சொல்லுங்கள். “யாரோ தோட்டத்துக்குள்ள நிக்காங்க” என்றால் வருகிற வேகம் வேறு, “நாட்டுத் துப்பாக்கியோட நாலு பேரு” என்றால் வருகிற வேகம் வேறு. அடுத்து ஊர், குளம் அல்லது கோயில் போல இருட்டிலும் தெரிகிற அடையாளம், எந்த ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும் என்பது. சர்வே எண்ணை அப்போது சொல்லிப் பயனில்லை. அதைக் காலையில் புகாரில் எழுதிக்கொள்ளலாம்.

“என் நிலத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்” என்று மட்டும் எழுதுவது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஒருவர் உங்கள் நிலத்தில் கால் வைத்ததாலேயே குற்ற அத்துமீறல் ஆகிவிடாது. குற்றம் செய்யும் நோக்கமோ, மிரட்டும், அவமதிக்கும், தொந்தரவு செய்யும் நோக்கமோ இருக்க வேண்டும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவு இதைத்தான் கேட்கிறது. நிரூபித்தாலும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “குறுக்கு வழியா போனோம், தண்ணி குடிக்க வந்தோம்” என்றால் அந்தப் புகார் அங்கேயே படுத்துவிடும்.

வேட்டை என்று எழுதினால் கதை மாறும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். கொல்வது மட்டும் அதில் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வதும் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், உடும்பு, வெளிமான், எறும்புத்தின்னி போன்று அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர்கள் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வண்டி, வலை, ஆயுதம் எல்லாம் பறிமுதலாகும். உரிமம் இல்லாத துப்பாக்கி இருந்தால் ஆயுதச் சட்டமும் சேரும்.

ஆகவே புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: தேதி, மணி, எத்தனை பேர், கையில் வலையா துப்பாக்கியா, நாய் எத்தனை, எத்தனை முறை வெடிச் சத்தம், எந்த விலங்கின் மிச்சம் கிடந்தது. பட்டா, சிட்டா நகலும் புலப்படமும் இணையுங்கள். நிலம் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரே புகார் கொடுக்கலாம். அத்துமீறல் சட்டம் காப்பது அனுபவத்தில் இருப்பவரைத்தான். மும்பையில் இருக்கிற முதலாளி ரயிலேறி வரவேண்டியதில்லை.

எல்லை தெரியாமல் எழுதுவது இன்னொரு பிழை. நீங்கள் வருஷக்கணக்காக உழுகிற ஓடைக்கரை புறம்போக்காக இருக்கலாம். அங்கே அத்துமீறல் புகார் நிற்காமல் போகலாம். வேட்டைப் புகார் நிற்கும். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் நில அளவைக்கு முதலில் மனுப் போடுங்கள்.

எந்த வனத்துறை அலுவலகம் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மலையடிவாரம் பெரும்பாலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் களக்காடு, அம்பாசமுத்திரம் கோட்டங்களில் வரும். சமவெளி திருநெல்வேலி வனக்கோட்டத்தில் வரும். மாவட்ட எல்லையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடையம் இப்போது தென்காசி மாவட்டம், ஆனால் கடையம் வனச்சரகம் அம்பாசமுத்திரம் கோட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் பகுதி வனவர், வனச்சரகர் நம்பர்களைப் பகலில் போய் வாங்கி, மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் எழுதிவையுங்கள்.

“பன்றியைச் சுட அரசாங்கமே சொல்லியாச்சு”

வேட்டைக்கு வருகிறவர்கள் இப்போது சொல்கிற சாக்கு இது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி முடிவெடுத்தது உண்மைதான். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடுவது. சுடுவதும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டுமே. துப்பாக்கியோடு வருகிற பக்கத்து ஊர்க்காரருக்கு அதில் இடமே இல்லை. நீங்கள் “சரி, சுட்டுட்டுப் போ” என்று சொன்னாலும் அந்த அனுமதிக்கு மதிப்பு கிடையாது. உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் கொடுக்க முடியாது.

ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் மரவள்ளியைப் பன்றி கிண்டிப் போட்டிருக்கும்போது, துப்பாக்கிக்காரர் கடவுள் மாதிரித் தெரிவார். அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் இன்றைக்குப் பன்றிக்கு வரச் சொன்ன ஆள் நாளைக்கு மிளா மானுக்கும் மயிலுக்கும் கேட்காமலே வருவார். பயிர்ச் சேதத்துக்கு விடியற்காலையிலேயே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனுக் கொடுத்து இழப்பீடு கேட்பதுதான் வழி. உழுது மூடிய பிறகு போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

பங்கு கறி

காலையில் ஒரு தூக்குவாளியில் கறி வரும். “உங்க விளையில கெடச்சதுதான்” என்பார்கள். வாங்கிவிட்டால் முடிந்தது. வனவிலங்கின் இறைச்சி ஒருவர் வசம் இருந்தால், அது சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பது என்றே முதலில் கொள்ளப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர். ஒரு கிலோ கறிக்கு நீங்கள் சாட்சியிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்கு இடம் மாறுகிறீர்கள். ஊர்க்கூட்டத்தில் வைத்து அபராதம் வாங்கி விஷயத்தை முடிப்பதும் இதே வகைதான். குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதே தனிக் குற்றம். அந்தப் பணம் கோயில் உண்டியலுக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

செத்த விலங்கு உங்கள் நிலத்தில் கிடந்தால் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் கைக்கு வந்துவிட்ட பொருளுக்குச் சட்டம் தரும் கெடு 48 மணி நேரம்.

கண்ணியைக் கண்டதும் அறுத்தெறிவது

பெரும்பாலும் பைக்கின் கிளச் கேபிளோ பிரேக் ஒயரோதான். உயிர்வேலியில் விலங்கு நுழைந்து நுழைந்து வழவழப்பாகிப்போன ஓட்டை இருக்கும். அதன் அடியில் மண் தேய்ந்து பளபளக்கும், முள்ளில் மயிர் ஒட்டியிருக்கும். அந்த ஓட்டையில் வளையம் தொங்கும், மறுநுனி உடைமர வேரிலோ அடித்த முளையிலோ முறுக்கியிருக்கும். பழைய கேபிள் துருவேறி மண் நிறத்திலேயே இருப்பதால், சூரியன் சாய்ந்திருக்கும் காலை வெளிச்சத்தில்தான் கண்ணில் படும். ஒன்று இருந்தால் அதே வேலியில் இன்னும் சில இருக்கும். வேலி முழுக்க நடந்து பார்க்காமல் ஆட்டை விடாதீர்கள்.

அறுக்கும் முன் மூன்று போட்டோ. பனையோ கரண்ட் கம்பமோ தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, ஓட்டை முழுதும் தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து முடிச்சுத் தெரிய ஒன்று. போனில் லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். காலடித் தடம் இருந்தால் வெயில் ஏறுமுன் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள், தேரி மணலில் அது மதியம்வரை நிற்காது. நாட்டுத் துப்பாக்கி தோட்டாக்கூடு எதையும் விட்டுப்போகாது. ஆனால் கெட்டிக்க வைத்த தேங்காய் நாரோ துணியோ கருகிக் கிடக்கும், அதைக் கையால் எடுக்காமல் காட்டுங்கள். விலங்கு உயிரோடு மாட்டியிருந்தால் அவிழ்க்கப் போகாதீர்கள். கண்ணியில் கிடக்கிற பன்றி, அவிழ்க்க வந்த கையைத்தான் முதலில் கிழிக்கும்.

போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது பெரிய தவறு. சம்பந்தப்பட்டவரும் அதே குரூப்பில் இருப்பார். தவிர, அப்படி அனுப்பும்போது படத்துக்குள் பதிவான இடமும் நேரமும் கழன்றுவிடும். மூலப் படத்தை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் தர வேண்டிவரும்.

தொடவே கூடாத ஒன்று உண்டு. நூலோ துணியோ சுற்றி, கொழுப்போ கருவாடோ தடவிய உருண்டை, அல்லது ஓட்டை போட்டு அடைத்த பழம். பன்றிக்கு வைக்கிற வெடி, அவுட்டுக்காய். கடித்தால் வாய் சிதறும், மாடும் நாயும் தப்புவதில்லை. காலால் தள்ளாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், குச்சியால் புரட்டிப் பார்க்காதீர்கள். தூரத்தில் நின்றே ஓர் ஆளைக் காவலுக்கு வைத்து, மாடுகளையும் பிள்ளைகளையும் விலக்கிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள்.

வேலியில் கரண்ட் கொடுப்பது

ஆளும் வரக்கூடாது பன்றியும் வரக்கூடாது என்று மோட்டார் இணைப்பிலிருந்து கம்பி இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே வரியில் சொன்னால் போதும்: செத்தது வேட்டைக்காரரே ஆனாலும் நீங்கள் போவது சிறைக்கு. அடுத்த நாள் காலை அந்தக் கம்பியை மிதிக்கிறவர் பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்ச வந்த உங்கள் வீட்டு ஆளாகவே இருப்பார். சோலார் வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக அடிக்கும், அதனால் பிடித்த கை விலகிவிடும். மெயின் கரண்ட் விடாது. வனத்தை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலிக்கும் 2023 விதிகளின்படி வனத்துறை அனுமதி வேண்டும்.

ஆளைப் பார்த்து முடிவு கட்டுவது

கொக்குக் கண்ணியும் தோள்பையுமாக ஒருவர் ரோட்டில் போனாலே, நேற்று ராத்திரி சுட்டது இவர்தான் என்று முடிவு கட்டுகிற வழக்கம் உண்டு. பாசிமணி விற்கப் போனவரை மறித்து அடித்துவிட்டு, காரில் சர்ச் லைட்டோடு வந்தவரைக் கோட்டைவிடுவதுதான் இதன் பலன். வண்டி நம்பர், நேரம், தடயம் இவற்றை எழுதுங்கள். சாதியைப் புகாரில் எழுதாதீர்கள்.

கேமராவைத் தப்பான இடத்தில் கட்டுவது

அசைவைக் கண்டால் தானே படமெடுக்கும் காட்டுக் கேமராவை எல்லாரும் தோட்டத்துக்கு நடுவில், இடுப்பளவு உயரத்தில் கட்டுகிறார்கள். முதலில் திருடுபோவது அதுதான். வண்டி நிற்கும் பாதை முனையில், பனையில் பத்தடி உயரத்தில், கீழே சாய்த்துக் கட்டுங்கள். நம்பர் பிளேட்டுக்கு நேர் எதிரே வைத்தால் அகச்சிவப்பு ஒளி திரும்பியடித்து, எண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பட்டைதான் பதிவாகும். சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்து வேண்டாம், வெயில் நேராக லென்ஸில் விழும். அகச்சிவப்பு ஒளி 850 நானோமீட்டர் வகையில் சிவப்புப் புள்ளி இருட்டில் தெரியும், 940 வகை தெரியாது. முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் காற்றுக்கு ஆயிரம் படம் எடுத்து கார்டை நிரப்பிவைக்கும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதியும் மணியும் சரியா என்று பாருங்கள். தேதி தப்பான படத்தை வைத்துக்கொண்டு, அது அன்றைக்கு ராத்திரி எடுத்ததுதான் என்று கூண்டில் நின்று விளக்குவது பெரும்பாடு.

புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். பதிவு செய்ய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை மாவட்ட வன அலுவலருக்கும் போடுங்கள். தபால் ரசீதைப் பட்டா நகலோடு சேர்த்து வையுங்கள்.