கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் சர்வே நம்பரைத் தேடுங்கள்

குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் பிறப்புப் பதிவைத்தான் தேடி ஓடுவார்கள். தமிழ்நாட்டில் அந்த வழி சீக்கிரமே முட்டுச்சந்தில் போய் நிற்கும். பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலி; ஆணா பெண்ணா என்பதும் அப்பா பெயரும் ஊரும்தான் இருக்கும். குடும்பப் பெயரும் நம்மில் பலருக்குக் கிடையாது. போதாததற்குப் பேரனுக்குத் தாத்தா பெயர். ராமசாமி மகன் முத்தையா, முத்தையா மகன் ராமசாமி என்று மாறி மாறி வந்தால் எந்த முத்தையா நம்முடையவர் என்று எதை வைத்துச் சொல்வது? நிலத்தை வைத்துத்தான்.

முதலில் வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கிரயப் பத்திரம், பட்டா, கிஸ்தி (நிலவரி) ரசீது எதில் சர்வே நம்பர் இருந்தாலும் போதும். ஜாதகங்களையும் மொய் நோட்டுகளையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். மொய் நோட்டில் ஊரோடு சேர்த்துப் பெயர் எழுதுவது வழக்கம் என்பதால் பெண் கொடுத்த, எடுத்த ஊர்கள் அதில்தான் பிடிபடும்.

கையில் இருக்கும் நம்பர் இன்றைய நம்பரா பழைய நம்பரா என்பது அடுத்த கேள்வி. 1979-க்குப் பிறகு நடந்த யூடிஆர் (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும்) திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின. அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் கொடுத்து அ-பதிவேட்டை, அதாவது கிராம நிலப் பதிவேட்டை எடுங்கள். அதில் பழைய புல (சர்வே) எண்ணுக்கென்று தனிப் பத்தி உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அடுத்த அலுவலகத்துக்குப் போனால் வேறு யாரோ ஒருவருடைய பாட்டனாரைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

இனி சார்பதிவாளர் அலுவலகம். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குக் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். கட்டணம் தேடும் ஆண்டுகளைப் பொறுத்தது. எனவே ஐம்பது வருடத்தை மொத்தமாகக் கேட்காமல், இணைய வில்லங்கத்தில் கிடைக்கும் மிகப் பழைய பத்திரத்தின் நகலை முதலில் வாங்குங்கள். ‘இந்தச் சொத்து எங்கள் தகப்பனாருக்கு இன்ன வருடம், 1 புத்தகம், இன்ன நம்பர் பத்திரப்படி பாத்தியப்பட்டது’ என்ற வரி உள்ளே இருக்கும். அந்த நம்பரைச் சொல்லி அதற்கு முந்தைய பத்திரத்தைக் கேளுங்கள். அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், அந்த வருடத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 1 புத்தகம் அசையாச் சொத்துக்கானது. கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் இருக்கும் 3 புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் இறந்த பிறகுதான் பிறருக்கு நகல் தருவார்கள், அதனால் இறப்புச் சான்று கையில் இருக்கட்டும்.

எல்லாப் பத்திரங்களிலும் உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். பங்காளிகள் அத்தனை பேரும் தகப்பன் பெயர், வயது, ஊரோடு ஒரே காகிதத்தில் வந்துவிடுவார்கள். மைனர் இருந்தால் கார்டியனாகத் தாயார் பெயரும் வரும். பெண்கள் அதில் இல்லையே என்று திகைக்க வேண்டாம். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வரும்வரை இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்கள் பங்காளிகள் அல்ல. அத்தைகளையும் பாட்டிகளையும் தான செட்டில்மெண்டிலும் விடுதலைப் பத்திரத்திலும் ஜீவனாம்ச ஏற்பாட்டிலும் தேடுங்கள்.

பழைய பத்திரத்தை வாசிப்பது தனி வித்தை. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. எண்களும் தமிழ் எண்களாக இருக்கலாம். ‘ஆங்கீரச ௵’ என்று மட்டும் இருந்தால் அது 1872, 1932, 1992 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், ஏனென்றால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். ஸ்டாம்பைப் பாருங்கள். விக்டோரியா தலை என்றால் 1872, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1932. அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கில்) வரும் பசலி என்ற வருவாய் ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் பிறக்கும் என்பதால் 1340 பசலி என்பது 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. வயதை மட்டும் நம்பாதீர்கள். ‘சுமார் 40’ என்பது எழுத்தர் ஆளைப் பார்த்துப் போட்டதாகவும் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்த தேதி வந்தாலும் சந்தேகப்படுங்கள், அது சேர்க்கைக்காகப் பொருத்தியதாக இருக்கக்கூடும்.

பத்திர வரிசை அறுந்த இடத்தில் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கைகொடுக்கும். அந்தக் காலத்துத் தாலுகா, கிராமம், பழைய சர்வே நம்பர் மூன்றையும் எழுதி செட்டில்மெண்ட் பதிவேட்டை (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதியதை) கேளுங்கள். பட்டாதாரர் பெயர் அதில் இருக்கும். மானிய நிலமாக இருந்தால் இன்னும் அதிர்ஷ்டம். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேட்டில் மானியம் முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன, இருவருக்கும் என்ன உறவு என்று பத்தி பத்தியாக உண்டு. கோயில், பிராமண மானியம் மட்டும்தான் அதில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கொல்லர், நாவிதர் போன்றோரின் ஊழிய மானியங்களும் உண்டு. ஜமீன் கிராமம் என்றால் கதை வேறு. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே அரசு செட்டில்மெண்ட் நடந்தது. அதற்கு முன்னால் பைமாஷ் நம்பர் என்ற பழைய அளவை எண்தான் என்பதால், அதையும் சர்வே நம்பரையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் முன்னே நகர முடியாது.

எந்த ஊர் எந்த அரசின் கீழ் இருந்தது என்பதை முன்கூட்டியே பாருங்கள். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அந்தப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், 825-ஐக் கூட்டுங்கள் (ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் விழும் தேதிகள் அந்த ஆண்டிலும், மற்றவை ஓராண்டு முன்னாலும் வரும்). புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். விருதுநகர்க்காரர் ‘ராமநாதபுரம் ஜில்லா’ என்றுதான் தேட வேண்டும். அது 1985-ல்தான் பிரிந்தது.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு மேலே சொன்னதில் பாதி உதவாது என்பது உண்மை. 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு அரசு ஒதுக்கிய நிலங்கள் ‘டி.சி.’ (டிப்ரெஸ்ட் கிளாஸ்) குறிப்போடு வருவாய்ப் பதிவேடுகளில் இருக்கும், அதைப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் கிடைக்கும். கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கக்கூடும். யாராவது தென்னாப்பிரிக்காவுக்குப் போனதாகப் பேச்சிருந்தால், 1860 முதல் 1911 வரையிலான நேட்டால் கப்பல் பட்டியல்கள் பெரிய புதையல். தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்புவரை குறித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர்கள் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தால் பிடிபடும்.

தாலுகா அலுவலகத்தில் ‘பதிவேடு இல்லை’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதோடு திரும்ப வேண்டாம். 1980-ல் கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (ஊர்த் தலைமை அதிகாரி) பதவிகள் ஒழிந்தபோது கணக்குகள் கைமாறின, எங்கே போயின என்பது இன்றைய ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிவேடு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டதா, அழிக்கப்பட்டதா, அழிக்கப்பட்டது என்றால் அதற்கான உத்தரவின் நகல் எங்கே என்று மூன்றையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.