அடியோடு இறங்கிய ஸ்கூட்டர் பற்றரியை வீட்டிலேயே எழுப்புவது எப்படி?

2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர். யாழ்ப்பாணம் போய் நாலு மாதம் நின்றுவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வெளிச்சமே இல்லை. சார்ஜரைச் செருகினேன், பச்சை விளக்கு சிவப்பாக மாறவே இல்லை. பற்றரி அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் பல சார்ஜர்கள் சார்ஜ் ஏற்றத் தொடங்காது.

முதலில் பற்றரி எந்த வகை என்று பாருங்கள். லித்தியம் என்றால் கை வைக்க வேண்டாம். மிகவும் இறங்கிய லித்தியம் செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கலாம். திரும்ப ஏற்றும்போது உள்ளே ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். இனிச் சொல்வது ஈயப் பற்றரிக்கு மட்டும்.

மோதிரம், காப்பு, மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு, சீற்றைத் தூக்கி பிரேக்கரை (பற்றரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஓஃப் பண்ணுங்கள். 60 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பற்றரி ஐந்து தொடராக இருக்கும். வயர்கள் இருந்தபடியே ஃபோனில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி முனைக்கு டேப் சுற்றுங்கள். ஸ்பானர் இரண்டு முனையிலும் ஒன்றாகப் பட்டால் பொறி பறக்கும், கவனம்.

மல்டிமீற்றரை டிசி 20இல் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். எனக்கு வந்தது 10.6, 10.4, 10.7, 10.5, ஐந்தாவது 7.9. ஐந்தையும் ஒன்றாக ஏற்றக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சோர்ந்தது நிரம்ப முன்னமே மற்றவை அளவுக்கு மீறி ஏறிவிடும்.

வோல்ட்டும் அம்பியரும் மாற்றக்கூடிய பவர் சப்ளையை 14.4 வோல்ட், 1 அம்பியரில் வைத்து, சிவப்பைச் சிவப்போடு, கறுப்பைக் கறுப்போடு மாட்டுங்கள். இறங்கியபடி கிடந்த தகடுகளில் ஈய சல்பேற் படிந்திருப்பதால் தொடக்கத்தில் மின் அவ்வளவாக ஓடாது. என் ஐந்தாவது பற்றரி ஒரு மணித்தியாலம் 0.04 அம்பியரிலேயே நின்றது. பிறகு 0.1, 0.3 என்று மெல்ல ஏறியது. அந்த நேரம் பொறுமை வேணும், வோல்ட்டைக் கூட்டாதீர்கள். 20 அம்பியர்-மணி பற்றரிக்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பல்கனியில் வையுங்கள். அரை மணிக்கொருதரம் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பக்கம் வீங்கினாலோ உடனே நிறுத்துங்கள். நித்திரைக்குப் போக முன் கழற்றிவிட்டு, காலையில் தொடருங்கள்.

நிரம்பிய பின் 12 மணித்தியாலம் சும்மா விட்டு அளவுங்கள். நான்கு 12.7க்கு மேல் நின்றன. ஐந்தாவது 10.5. ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, மிச்சம் ஐந்தும் 2.1 வீதம் காட்டுகின்றன. பஞ்சிகாவத்தைக் கடைக்கார நானாவும் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இனி சரிவராது” என்றார். பழசுகளுக்கு நடுவே புதுசைப் போட்டால் அதுவும் கெதியில் கெடும். அதே வயது, அதே அளவில் பாவித்த ஒன்றைத் தேடி மாட்டினேன்.

ஓடி வந்தால் வண்டி ஆறியதும் அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். கடற்காற்றுக்கு முனைகளில் வெள்ளைப் பூப்பு வரும். துடைத்து வாசலீன் பூசுங்கள். வண்டி நிற்கும் காலத்தில் பிரேக்கர் ஓஃப். நான் மாதா மாதம் வரும் போயா (பௌர்ணமி) லீவுக்கு லீவு சார்ஜரைச் செருகிவிடுகிறேன்.