வீட்டு ரெக்கார்டிங்: முதலில் இன்டர்ஃபேஸ், பிறகு சாஃப்ட்வேர்

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்யத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் பார்க்க வேண்டியது இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. சாஃப்ட்வேரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். காசு கொடுத்து வாங்கிய இன்டர்ஃபேஸில் இல்லாத மைக் சாக்கெட்டைப் பிறகு சேர்க்க முடியாது.

படி 1: ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

குரலை மட்டும், டிராக் டிராக்காக அடுக்கிப் பதிவு செய்யப் போகிறீர்களா? ஒரு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) போதும். மிருதங்கம் என்றால் நிலைமை வேறு. வலப்பக்கமான வலந்தலையின் கூர்மையையும் இடப்பக்கமான தொப்பியின் கும்கியையும் (அதன் ஆழ்ந்த ஒலி) ஒரே மைக்கில் சமமாகப் பிடிப்பது கடினம். பக்கத்துக்கு ஒரு மைக் வைத்தால், மிக்ஸ் செய்யும்போது இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

கடையில் ஏமாறக்கூடிய இடம் இதுதான். பெட்டியில் இரண்டு இன்புட் என்று போட்டிருந்தாலும், இரண்டும் மைக்குக்கு என்று அர்த்தமில்லை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸில் மைக் ப்ரீஆம்ப் ஒன்றுதான். 2ஐ2 மாடலில் இரண்டு. பெரிங்கர் யூஎம்சி22-வில் ஒன்று, யூஎம்சி202எச்டி-யில் இரண்டு. தனியாகப் பாடுபவருக்குக்கூட இரண்டு ப்ரீஆம்ப் உள்ளதையே நான் சொல்வேன். நாளைக்கு ஒரு நண்பர் வயலினோடு வருவார்.

படி 2: மைக்குக்கு ஏற்றதா?

கண்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகவே மைக்குக்குத் தரும் மின்சாரம்) வேண்டும். ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. பிக்கப் வைத்த வீணை, கிட்டாரை நேரடியாகச் செருகுவதானால், 'இன்ஸ்ட்' என்ற இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: சாஃப்ட்வேர்

மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டில் தொடங்கலாம், இலவசம். விண்டோஸ் என்றால் என் தேர்வு ரீப்பர். எடை குறைவு, பழைய லேப்டாப்பிலும் ஓடும். 60 நாட்கள் எல்லா வசதிகளோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். பெரிய ஸ்டூடியோக்களில் ப்ரோ டூல்ஸ் இருக்கிறதே என்று முதல் நாளே அதற்குப் போக வேண்டாம்.

படி 4: தாமதத்தைக் குறையுங்கள்

பாடிய குரல் ஹெட்போனில் சற்றுப் பிந்திக் கேட்டால் தாளம் தடுமாறும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏஸியோ ட்ரைவரை (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் சாஃப்ட்வேர்) நிறுவி, ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பகுதியில் அதையே தேர்ந்தெடுங்கள். மேக்கில் பெரும்பாலும் தனி ட்ரைவர் வேண்டியதில்லை.

அடுத்து பஃபர் அளவு: கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாக, அதாவது துணுக்காக, எடுத்துக் கையாள்கிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 1024 சாம்பிள் வைத்தால், அந்த ஒரு பஃபர் மட்டுமே சுமார் 21 மில்லிசெகண்ட். ஒலி உள்ளே போய் வெளியே வர, அதைப்போல இரு மடங்குக்கும் மேல் ஆகும். 128 வைத்தால் அதே பஃபர் 2.7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. பதிவின்போது 128-இல் தொடங்குங்கள். பட்பட் என்று சத்தம் வந்தால் 256-க்கு ஏற்றுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024 இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது: கம்ப்யூட்டரைச் சுற்றாமலே உங்கள் குரல் காதுக்கு வரும். அப்போது ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரை (பதிவாகும் குரலைத் திருப்பிக் கேட்கவிடும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

படி 5: கெயின்

தம்பூரா சுருதியை ஹெட்போனில் மட்டும் ஓடவிடுங்கள். காதை முழுதாக மூடும் ஹெட்போன் வேண்டும், இல்லையென்றால் சுருதி மைக்கில் கசியும். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பாட்டிலேயே உச்ச ஸ்தாயி வரும் இடத்தைப் பாடிக்கொண்டே கெயின் குமிழைத் (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதற்கானது) திருப்புங்கள். மீட்டர் -12 டெசிபெல் அருகே நிற்கட்டும். அளவு குறைந்துபோனால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த குரலைச் சரிசெய்வதைவிட, அந்த வரியை மறுபடி பாடுவதே மேல்.