ஒரு கை பார்த்துவிடலாமா? 1–3 மேசையில் நடுத்தரக் கையும் ரிவர் பெட்டும்

போக்கரில் மோசமான கையைக் கீழே போட்டு விலக எல்லாருக்கும் தெரியும். செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) விழுந்தால் யாருக்கும் யோசனை வராது. பணம் கரைவது இரண்டுக்கும் நடுவே: டாப் பேர் (மேசையில் உள்ள மிகப் பெரிய சீட்டோடு ஜோடி) இருக்கிறது, கிக்கர் (கையில் உள்ள மற்ற சீட்டு) சுமார், அல்லது நடு ஜோடி, எதிரே ஒருவர் நிதானமாகச் சில்லுகளைத் தள்ளுகிறார். இங்கே பேசுவது லாஸ் வேகஸ் கேசினோக்களில் சாதாரணமாக ஓடும் 1–3 டாலர் (கட்டாயப் பந்தயங்களான ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3) நோ-லிமிட் ஹோல்டம் பற்றி. கையில் இரண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக மேசையில், அதாவது போர்டில், ஐந்து: முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு பெட், அதாவது பந்தயச் சுற்று. மற்ற மேசைகளில் தொகை மாறும், கணக்கு மாறாது.

முதலில் விலையைக் கணக்கிடுங்கள். நோ-லிமிட்டில் டீலர் பாட் (நடுவில் சேர்ந்த பணம்) தொகையை எண்ணிச் சொல்ல மாட்டார், ஒவ்வொரு சுற்றிலும் நீங்களேதான் மனதில் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் போடப்போகும் தொகையை, உங்கள் காலும் (எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடுவது) சேர்ந்த மொத்தப் பாட்டால் வகுத்தால் எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும் என்பது வந்துவிடும். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் வந்தால் 20 சதவீதம், பாதிக்கு 25, முக்காலுக்கு 30, முழுப் பாட்டுக்கு 33, இரு மடங்குக்கு 40. இந்த ஐந்தையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். நடு இடத்திலிருந்து, அதிகம் ஆடாத, இறுக்கமான ஒருவர் 15-க்கு ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார். பட்டனில் (சுற்றில் கடைசியாக ஆடும் இடம்) உங்களிடம் ஹார்ட் கிங், ஸ்பேட் ஜாக், கால் செய்கிறீர்கள். பிக் பிளைண்டும் வருகிறார். ஸ்மால் பிளைண்டின் 1 டாலரையும் சேர்த்துப் பாட் 46 (கேசினோ எடுக்கும் பங்கான ரேக்கை விட்டுவிடுவோம்). ஃபிளாப்பில் ஸ்பேட் கிங், ஸ்பேட் 8, டைமண்ட் 4. அவர் 25 போடுகிறார், நீங்கள் கால், பிக் பிளைண்ட் விலகுகிறார், பாட் 96. டர்னில் ஹார்ட் 2. அவர் 60, நீங்கள் கால், பாட் 216. இதுவரை தவறில்லை. ரிவரில் கிளப் 9. அவர் 150 தள்ளுகிறார். 150-ஐ 516-ஆல் வகுத்தால் 29 சதவீதம்.

இப்போது அவர் கையில் என்னென்ன இருக்க முடியும் என்று காம்போ காம்போவாக (இரண்டு சீட்டு சேரக்கூடிய ஒவ்வொரு விதமாக) எண்ணுங்கள். ஒரு கிங் உங்களிடம், ஒன்று போர்டில், மிச்சம் இரண்டு. ஆகவே ஏஸ்-கிங் 8 வகை, கிங் ஜோடி 1. ஏஸ் ஜோடி 6. எட்டு ஜோடி 3, நாலு ஜோடி 3. மொத்தம் 21, எல்லாமே உங்களை அடிக்கும். குயின் ஜோடி, ஜாக் ஜோடி இருந்தால் இவர் ரிவரில் பெட் போடாமல் செக் செய்திருப்பார். எனவே நீங்கள் ஜெயிப்பது பிளஃப்பிடம் (கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும் பெட்) மட்டும்தான். 21-க்கு எதிராக 29 சதவீதம் வர வேண்டுமென்றால் குறைந்தது 9 பிளஃப் காம்போ தேவை. விழாமல் போன ஸ்பேட் ஃபிளஷ் டிராக்களில் (ஐந்து ஸ்பேட் சேரக் காத்திருந்த கைகள்) இவர் தொடக்கத்தில் ரெய்ஸ் செய்யக்கூடியவை: ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10, குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10. ஆறு. அதிலும் ஸ்பேட் ஜாக் உங்கள் கையிலேயே இருக்கிறது, மூன்று போய்விட்டது. தேவை ஒன்பது, இருப்பது மூன்று. கையைக் கீழே போட்டு விலகுங்கள்.

உங்கள் ஜாக் டைமண்டாக இருந்து, எதிரே எந்நேரமும் பெட் அடிக்கும் ஆளாக இருந்தால் கதை வேறு. அவர் கிங்-குயினையும் மூன்று தெருவும் (ஃபிளாப், டர்ன், ரிவர்) அடிப்பார். வேல்யூ (உங்களை அடிக்கும் கைகள்) 29 ஆகும், 12 பிளஃப் தேவைப்படும். ஆனால் ஸ்பேடில் ஏஸ்-3, ஏஸ்-5, ஏஸ்-6, ஏஸ்-7, 7-6, 6-5 எல்லாவற்றையும் இவர் ஆடுவார். ஆறோடு ஆறு பன்னிரண்டு. சரிசமம். கிங்-10 வைத்துக்கொண்டும் அடிக்கக்கூடியவர் என்றால் கால் தாராளம். கிட்டத்தட்ட ஒரே கை, ஒரே போர்டு, ஒரே விலை, ஜாக்கும் ஆளும்தான் வேறு.

1–3 மேசையில் பெரும்பாலானோர் ரிவரில் பெரிய தொகையைப் பிளஃப்பாகப் போடுவதில்லை. கணக்குப் புத்தகப்படி இத்தனை சதவீதம் கால் செய்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் சரியான அளவு பிளஃப் செய்யும் எதிராளிக்குத்தான். டர்னில் வரும் ரெய்ஸ், அது மிகச் சின்ன ரெய்ஸாக இருந்தாலும், பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது அதற்கும் மேல். லிம்ப் செய்துவிட்டு (ரெய்ஸ் இல்லாமல் பிக் பிளைண்ட் தொகையை மட்டும் போட்டு நுழைந்துவிட்டு) ஃபிளாப்பில் செக்-ரெய்ஸ் (முதலில் செக், அடுத்தவர் பெட் போட்டதும் ரெய்ஸ்) செய்யும் பெரியவரிடம் டாப் பேரை வைத்துச் சண்டை வேண்டாம். சில்லு வைக்கும்போது கை நடுங்கினால் பயம் என்று நினைப்பார்கள். பெரிய கை கிடைத்த படபடப்பாக இருப்பதே அதிகம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நேரடி மேசையில் பலர் பாட்டைப் பார்த்து அல்ல, கையில் உள்ள சில்லுக் குவியலைப் பார்த்துப் பெட் போடுகிறார்கள். 200 டாலர் பாட்டில் 50 விழுந்தால் உங்களுக்குத் தேவை 17 சதவீதம்கூட இல்லை. “ரிவர் பெட்டா, கையைக் கீழே போட்டுவிடு” என்று இதற்கும் விலகுகிறவர் இருக்கிறார். அது கஞ்சத்தனம்.

ஃபிளாப்பிலேயே திட்டம் இருந்தால் ரிவரில் தலைவலி குறையும். 25 டாலர் கால் என்பது 25-ல் நிற்காது, பின்னால் 60-ம் 150-ம் வரும். நடு ஜோடிக்கு ஒரு தெரு, சுமாரான கிக்கரோடு டாப் பேருக்கு இரண்டு தெரு என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நடு ஜோடி தேறுவதற்கு உதவும் சீட்டு ஐந்துதான். அடுத்த ஒரு சீட்டில் 11 சதவீதம், இரண்டிலும் சேர்த்து 20. அதே ஜோடியோடு ஃபிளஷ் டிராவும் இருந்தால் பதினான்கு சீட்டு, பாதிக்குப் பாதி. அதை நடுத்தரக் கை என்று சொல்லவே கூடாது. பாட்டில் நான்கு பேர் இருக்கும்போது ஒருவர் துணிந்து பெட் போட்டால், உங்களுக்குப் பின்னாலும் ஆள் இருந்தால், வரம்பை ஒரு தெரு குறையுங்கள்.

ரம்மி ஆடிப் பழகியவருக்கு இது எளிதாகப் புரியும். 101 ஆட்டத்தில் முதல் டிராப்புக்கு (ஆரம்பத்திலேயே விலகல்) 20 புள்ளி, மிடில் டிராப்புக்கு (நடுவில் விலகல்) 40. அங்கே 20-லேயே எழுந்துவிடும் அதே ஆள் இங்கே, “இவ்வளவு போட்டாச்சு, ஒரு கை பார்த்துவிடலாம்” என்று 150-ஐத் தூக்கிப் போடுகிறார். போட்டது பாட்டின் பணம், உங்களுடையது அல்ல.

முடிவெடுக்கும்வரை கையில் சில்லைத் தொடாதீர்கள். எதுவும் சொல்லாமல் பெரிய மதிப்புச் சில்லு ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் அது கால் ஆகிவிடும். கால் செய்வதென்றால் வாயால் சொல்லிவிட்டு, உங்கள் சீட்டைத் திருப்பாமல் காத்திருங்கள். ரிவரில் பெட் போட்டவர்தான் முதலில் காட்ட வேண்டும். தோற்றுப்போனாலும் அவர் எதை வைத்துக்கொண்டு மூன்று தெரு அடித்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் 150 கொடுத்திருக்கிறீர்கள்.